அந்தக் கோப்புறையைத் தொடாதேயும்

மனையாவெளி,
திருகோணமலை.
02.12.2024

மெலானியின் அப்பாவுக்கு,

அஞ்சலினா எழுதுகிறேன். இங்கே இரண்டு பேரும் சுகமாய்த்தான் இருக்கிறோம். மழை கொஞ்சம் விட்டால் இன்னும் சுகமாயிருப்போம். உங்களுக்கு அங்கே குளிர் தொடங்கிவிட்டதா? போன வருடம் வாங்கி அனுப்பிய கம்பளிச் சட்டையைப் போடுங்கள், பெட்டிக்குள் வைத்திருக்காமல்.

போன் எடுக்காமல் ஈமெயில் எழுதுகிறாளே என்று யோசிப்பீர்கள். போன முறை நாங்கள் கதைத்தபோது மெலானி குசினி வாசலில் நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நீங்கள் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். "டோகாவுக்கு வா", "நீங்கள் ஊருக்கு வாருங்கள்" என்று நாங்கள் பிடிக்கிற சண்டை அவளுக்கு மனப்பாடம். எழுதும்போது ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கே கதைக்க ஏலாது. அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நீங்கள் டோகாவுக்கு வெளிக்கிட முதல் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்குப் பூட்டித் தந்த கொம்பியூட்டர் ஒரு கிழமையாகக் கரைச்சல் தருகிறது. சீ டிரைவின் கோடு முழுக்கச் சிவப்பு. இடம் போதாது என்று மூலையில் ஒரு அறிவித்தல் வருகிறது, மூடினால் திரும்ப வருகிறது. வேறு டிரைவ் அதில் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். நேற்றுக் காலை படகுகளைக் காட்டும் வரைபடம் தன்பாட்டில் மூடிவிட்டது. அந்த நேரம் எங்கள் சங்கத்துப் படகுகள் பாதிக்கு மேல் வெளியில். ஒவ்வொரு படகிலும் பூட்டியிருக்கிற கருவி தான் நிற்கிற இடத்தை அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கும். வாங்கி வைக்க இங்கே இடமில்லையென்றால் அனுப்பி என்ன பயன்? வயர்லெஸ் செற் தனியாக வேலை செய்கிறபடியால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்கழி பிறக்கப் போகிறது. வாடைக்காற்று எப்படி வரும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுதுங்கள். மெலானிக்குத் தவணைச் சோதனை முடிந்துவிட்டது. கணக்கில் குறைவு. அதற்கும் என்னைத்தான் ஏசுவீர்கள்.

அஞ்சலினா


டோகா
03.12.2024

அன்பின் அஞ்சலினாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீர் எழுதினது நல்லது. வேலைத்தளத்தில் இடைவேளையில் இருந்து இதை எழுதுகிறேன், கோவிக்காமல் வாசியும்.

பயப்பட ஒன்றும் இல்லை. எல்லாக் கொம்பியூட்டருக்கும் வருகிறதுதான். முதலில் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ் என்று போம். தற்காலிகக் கோப்புகள் என்று ஒரு வரி இருக்கும். அதைத் திறந்து எல்லாவற்றுக்கும் சரி அடையாளம் போட்டு நீக்கும். டவுன்லோட்ஸ் என்கிறதற்கு மட்டும் போட வேண்டாம், அதை நீரே ஒருக்கால் பார்த்துத் தேவையில்லாததை அழியும். பிறகு குப்பைத்தொட்டியை வெறுமையாக்க வேண்டும். அழித்தது எல்லாம் அதற்குள்தான் போய்க் கிடக்கும், வெறுமையாக்காவிட்டால் ஒரு துளி இடமும் கிடைக்காது. பழைய விண்டோஸின் மிச்சம் என்று ஒன்று காட்டினால் யோசிக்காமல் நீக்கும். அது பெரிய பாரம்.

இதுவும் போதாவிட்டால், கொம்பியூட்டர் நித்திரைக்குப் போகிற வசதிக்கென்று ஒரு பெரிய கோப்பு வைத்திருக்கும். சங்கத்துக் கொம்பியூட்டர் நித்திரை கொள்ளுகிறதே இல்லை, அதால் அதையும் நிறுத்தலாம். அதற்குத் தட்ட வேண்டிய வரியைப் படமாக இணைத்திருக்கிறேன். எழுத்துக்கு எழுத்து அப்படியே தட்டும்.

ஒன்றே ஒன்று. மறைந்திருக்கிறவற்றைக் காட்டு என்று ஒரு இடம் இருக்கிறது, அதில் கை வைக்க வேண்டாம். தற்செயலாகச் "சிஸ்டம் டேட்டா டூ" என்று மங்கலாக ஒரு கோப்புறையைக் கண்டால், அந்தக் கோப்புறையைத் தொடாதேயும். விண்டோஸின் அத்திவாரம் அது.

மகளின் கணக்குக்கு உம்மை ஏன் ஏசப் போகிறேன்? நானும் கணக்கில் சுமார்தான். கம்பளிச் சட்டை போடுகிறேன்.

அன்புடன்,
றிக்சன்


மனையாவெளி
09.12.2024

அன்பின் மெலானியின் அப்பாவுக்கு,

நீங்கள் எழுதினபடியே எல்லாம் செய்தேன். பஹ்மியாவும் பக்கத்தில் இருந்தா. உங்களுக்கு அவவைத் தெரியாது, நீங்கள் போன பிறகு சேர்ந்தவ. கிண்ணியாவில் இருந்து வந்து சங்கத்தின் காசாளர் வேலை பார்க்கிறா. தற்காலிகக் கோப்புகள் போயின. டவுன்லோட்ஸில் யாரோ இறக்கி வைத்த கலியாண வீடியோக்களும், தலைவர் சிவகுருநாதன் ஐயாவின் பேரனுடைய கிரிக்கெட் ஆட்டங்களும் கிடந்தன, அவையும் போயின. பழைய விண்டோஸின் மிச்சத்தை நீக்கியவுடன் சிவப்புக் கோடு நீலமாகிவிட்டது. படத்தில் வந்த வரியையும் தட்டினேன். நாங்கள் இரண்டு பேரும் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தோம், ஏதோ பெரிய வேலை செய்து முடித்த மாதிரி.

சனிக்கிழமை போய்ப் பார்த்தால் பாதி நிரம்பிவிட்டது. இன்றைக்குத் திரும்பச் சிவப்பு. ஒருவரும் அதில் ஒன்றையும் இறக்கவில்லை. நாங்கள் வெளியில் அள்ளி எறிய எறிய யாரோ உள்ளே இருந்து நிரப்புகிறார்கள்.

பஹ்மியா தன்னுடைய போனில் தேடி, எந்தக் கோப்புறை எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பெட்டி பெட்டியாகக் காட்டுகிற ஒரு சின்னப் புரோகிராமைப் போட்டுப் பார்த்தா. முழுத் திரையையும் ஒரே ஒரு பெட்டிதான் அடைத்துக்கொண்டு நிற்கிறது. நீங்கள் தொட வேண்டாம் என்று சொன்னதுதான். விண்டோஸ் முழுவதும் சேர்ந்தாலும் அதில் கால்வாசி வராது. அத்திவாரம் வளருமா என்று பஹ்மியா கேட்கிறா. அழிக்காவிட்டாலும், யாரிடமாவது வெளியில் பூட்டுகிற டிஸ்க் ஒன்று வாங்கி அதற்கு மாற்றி வைக்கலாமே என்கிறா.

உடனே பதில் போடுங்கள். கடலுக்கு நடுவில் ஒரு தாழமுக்கம் உருவாகுது என்று வானிலைக்காரர் சொல்கிறார்கள். இந்தப் பக்கம் திரும்புமா என்று தெரியாது. படகுகளைக் கட்டிப் போட்டால் கிறிஸ்மஸுக்கு முன் எத்தனை வீட்டில் அடுப்பெரியும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். புதன்கிழமை வெளிக்கிடப் போகிறார்கள்.

அஞ்சலினா


டோகா
09.12.2024

அஞ்சலினா,

அவசரமாக எழுதுகிறேன். அதை அழிக்கவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம். கை வைத்தால் விண்டோஸ் திரும்ப எழும்பாது, பிறகு வரைபடமும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தப் பெட்டிப் புரோகிராமையும் எடுத்துவிடும்.

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. அன்றைக்கு நான் இங்கே இருந்தே உள்ளே வந்து சரி செய்கிறேன். நீர் அனுமதி என்கிற பொத்தானை அழுத்தினால் போதும். அதுவரைக்கும் ஒவ்வொரு நாள் காலையும் தற்காலிகக் கோப்புகளை நீக்கி, குப்பைத்தொட்டியை வெறுமையாக்கி ஓட்டும். வெள்ளி வரைக்கும் பொறும். நான் சொல்கிறதை நம்பும்.

றிக்சன்


மனையாவெளி
13.12.2024

றிக்சனுக்கு,

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நீங்கள் உள்ளே வரத் தேவையில்லை. அனுமதி என்கிற பொத்தானை நான் அழுத்தப் போவதில்லை. ஏன் என்று முழுவதும் எழுதுகிறேன், வாசியுங்கள்.

புதன் விடிய நான் சங்கத்துக்குப் போய் நீங்கள் சொன்ன மாதிரியே துடைத்தேன். கொஞ்ச இடம் கிடைத்தது. வரைபடம் திறந்தது, புள்ளிகள் நகர்ந்தன. மத்தியானத்துக்குப் பிறகு காற்று மாறிவிட்டது. தாழமுக்கம் சொன்ன நாளுக்கு முந்தித் திரும்பிவிட்டது என்று அறிவித்தல் வந்தவுடன் எல்லாப் படகையும் செற்றில் கூப்பிட்டுத் திரும்பச் சொன்னேன். எல்லோரும் வருகிறோம் என்றார்கள். சோமசேகரம் அண்ணனும் சொன்னார். அவருடைய "அமுதினி" படகு வடக்கே குச்சவெளிக்கு நேரே புள்ளியாக நின்றது. நகரவில்லை. வலை இழுக்கிறார், இழுத்துவிட்டு வருவார் என்று நினைத்தேன். மற்றப் புள்ளிகளும் நகரவில்லை என்பதைக் கவனிக்கிற நிலைமையில் நான் இருக்கவில்லை. ஒரே நேரத்தில் எல்லோரும் செற்றில் கதைக்கிறார்கள், கரையில் மனுசிமார் வந்து கதவடியில் நிற்கிறார்கள்.

பிறகு அவருடைய குரல் வந்தது. சத்தம் போடவில்லை, எப்பவும் கதைக்கிற மாதிரித்தான் கேட்டார்.

"இஞ்சின் நிண்டிட்டுது. தண்ணி ஏறுது. பிள்ளை, எங்களைக் காணுறியா?"

நான் திரையைப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சொன்னேன், "ஓம் அண்ணன், காணுறன்."

அதற்குப் பிறகு அவருடைய செற் கதைக்கவில்லை.

திரையில் கண்ட இடத்தைக் கடற்படைக்குச் சொன்னேன். திரும்பி வந்துகொண்டிருந்த இரண்டு படகுக்கும் சொன்னேன். அந்தக் கடலுக்குள் அவர்கள் திரும்பிப் போனார்கள், என்னை நம்பி. இருட்டும்வரை குச்சவெளிக்கு நேரே தேடினார்கள். ஒரு பலகைகூட இல்லை. சோமசேகரம் அண்ணனின் மனுசி சங்கத்து வாசலில் நிலத்தில் இருந்துகொண்டு, பிள்ளை கண்டதாம், பிள்ளை கண்டதாம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தா.

அடுத்த நாள் காலை மூதூர்ப் படகு ஒன்றுதான் அவர்களைக் கண்டது. குச்சவெளியில் இல்லை, வெருகலுக்கு நேரே, அவ்வளவு தெற்கே. சோமசேகரம் அண்ணன், அவருடைய மருமகன், சல்லி ஊரில் இருந்து போன தொழிலாளி ஒருவர். மூன்று பேரும் ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். உயிர் இருக்கிறது. மருமகனுக்கு நெஞ்சுக்குள் தண்ணி போய் இன்னும் ஆஸ்பத்திரியில். சோமசேகரம் அண்ணனுக்குத் தோள்மூட்டு விலகிவிட்டது. படகு இல்லை.

கொம்பியூட்டரை நிறுத்தித் திரும்பப் போட்ட பிறகுதான் விளங்கியது. மத்தியானத்தோடு டிரைவ் முழுக்க நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகு வந்த இடம் ஒன்றும் பதியவில்லை. வரைபடம் மூடவும் இல்லை, பிழை என்று சொல்லவும் இல்லை. கடைசியாகப் பதிந்த புள்ளிகளை அப்படியே காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அந்தப் பொய்யைப் பார்த்துத்தான் காணுறன் என்று சொன்னேன்.

பிறகு நான் அத்திவாரத்தைத் திறந்தேன். பஹ்மியா வேண்டாம் என்றா, விண்டோஸ் போய்விடும் என்றா. போனால் போகட்டும் என்று திறந்தேன். உள்ளே எல்லாம் ஒலிப்பதிவு. நாள் நாளாக அடுக்கி வைத்திருக்கிறது. ஒன்றைப் போட்டேன். "மனையாவெளி நிலையம், எல்லாப் படகுக்கும் காலை வணக்கம்" என்று என்னுடைய குரல். இன்னொன்று போட்டேன். அதுவும் நான். செற்றில் கதைத்தது மட்டும் இல்லை. அறையில் நானும் பஹ்மியாவும் சாப்பிட்டது, கதைத்தது, நான் ஒருநாள் தனிய இருந்து அழுதது எல்லாம்.

இது என்ன? யாருக்காக? உங்களுடைய வாயால் எனக்குப் பதில் வேண்டும்.

அஞ்சலினா


டோகா
14.12.2024

அன்பின் அஞ்சலினாவுக்கு,

மூன்று பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்ற வரியைத் தேடிப் பிடித்த பிறகுதான் மற்றதை வாசித்தேன்.

நான்தான் செய்தேன். வெளிக்கிட முதல் நாள் அந்த அறையில் கடைசியாக எல்லாவற்றையும் சரி பார்த்தபோது போட்டுவிட்டு வந்தனான். மேசையில் இருக்கிற மைக்கில் கேட்கிறது எல்லாம் பதிந்து, இன்டர்நெட்டில் எனக்கு வந்து சேரும். வந்து சேர்ந்தவுடன் அங்கே தன்பாட்டில் அழிந்துவிடும். அதால்தான் இவ்வளவு காலமும் ஒருவருக்கும் தெரியவில்லை. ஐப்பசி முடிவில் இங்கே என்னுடைய போன் உடைந்து, புதுப் போனில் கடவுச்சொல்லை மாற்றினேன். அதோடு அங்கே இருந்து வருகிறது நின்றுவிட்டது. எனக்கு வராதது எல்லாம் அங்கேயே குவிந்திருக்கிறது.

உம்மை உளவு பார்க்கவில்லை. நீர் நம்பமாட்டீர், என்றாலும் சொல்கிறேன். இங்கே ஒரு அறையில் ஆறு பேர். வேலை முடிந்து வந்து கட்டிலில் படுத்துக் காதில் மாட்டினால், நீர் படகுகளுக்குக் காலநிலை வாசிப்பீர். "நிலாவெளிப் பக்கம் நிற்கிறவர்கள் கவனம்" என்பீர். சோமசேகரம் அண்ணனிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்பீர். போனில் எங்கள் இரண்டு பேருக்கும் சண்டைதான் வரும். செற்றில் உம்முடைய குரலில் சண்டையே இல்லை. அதைக் கேட்டுக்கொண்டு நித்திரையாகிவிடுவேன்.

அறையில் கதைத்ததும் கேட்டது, ஓம். வைகாசியில் ஒரு நாள் நீர் பஹ்மியாவிடம், அவர் இல்லாமல் வீடு அமைதியாய் இருக்கு என்று சொன்னீர். அதற்குப் பிறகுதான் நான் போன் எடுக்கிறதைக் குறைத்தேன். ஏன் குறைத்தீர்கள் என்று நீர் கேட்டபோது வேலை கூடிவிட்டது என்று சொன்னேன்.

உம்முடைய முதல் கடிதத்தை வாசித்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது, எது நிரப்புது என்று. சொன்னால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவீர், அதோடு அந்தக் குரல் எனக்குத் திரும்ப வராமலே போய்விடும் என்று நினைத்தேன். வெள்ளி வரைக்கும் தாக்குப்பிடிக்கும், உமக்குத் தெரியாமல் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கடலை நான் கணக்கில் எடுக்கவில்லை.

ஏசும். ஏசி எழுதும். எழுதாமல் மட்டும் இருக்காதேயும்.

றிக்சன்


மனையாவெளி
20.12.2024

றிக்சனுக்கு,

ஏச எனக்குத் தெம்பில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை சங்கத்தில் கூட்டம். சிவகுருநாதன் ஐயா என்னைக் காப்பாற்றுகிற மாதிரி, மெஷின் பழசு, மழையில் கரண்டும் வந்து வந்து போனது, ஒருவரிலும் பிழை இல்லை என்று சொல்லி முடிக்கப் பார்த்தார். நான் ஓம் என்று தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். உங்களுடைய பெயர் வெளியில் வந்திராது. பஹ்மியாவும் வாய் திறக்கமாட்டா. எழும்பி நின்றபோதும் நான் என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. சோமசேகரம் அண்ணன் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு முன் கதிரையில் இருந்தார். அவரைப் பார்த்த பிறகு என்னால் மறைக்க ஏலவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் போட்டது, நான் கேட்டது, நீங்கள் பொறு என்றது, நான் பொறுத்தது.

சபை சத்தம் போட்டது. பொலிஸுக்குப் போக வேண்டும் என்று ஒருவர் சொன்னார். புருசன் பெண்சாதி விளையாட்டுக்கு எங்கள் உயிரா என்று இன்னொருவர் கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. சோமசேகரம் அண்ணன் கையை உயர்த்தினார். எல்லோரும் அடங்கினார்கள். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"டோகாவில இருந்து எல்லாம் கேட்டவர் எண்டால், நான் கூப்பிட்டதும் அவருக்குக் கேட்டதோ?"

இல்லை அண்ணன், ஐப்பசியோடு நின்றுவிட்டது என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு, அவரிட்டயே கேக்கவேணும் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார். பொலிஸுக்குப் போவதில்லை என்று முடிவாகியிருக்கிறது. உங்களுடைய கை இனி அந்தக் கொம்பியூட்டரில் படக்கூடாது என்றும் முடிவாகியிருக்கிறது. என்னை வேலையில் இருக்கச் சொன்னார்கள். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

அந்தக் கோப்புறையை நான்தான் அழித்தேன். அழிக்க முதல் இன்னும் சிலதைக் கேட்டேன். நீங்கள் சொன்னது உண்மைதான், அந்தக் குரல் எனக்கே புதிதாக இருந்தது. இவ்வளவு தன்மையாகக் கதைக்கிற ஒருத்தி இந்த வீட்டில் இல்லையே என்று இருந்தது. அதற்காக நீங்கள் செய்தது சரி என்று ஆகாது. கேட்டிருந்தால் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு நானே பதிந்து அனுப்பியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டீர்கள். பிறகு மூன்று பேர் கடலில் கிடக்கும்போதும் அதை எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தீர்கள்.

வைகாசியில் நான் பஹ்மியாவிடம் சொன்னது எனக்கும் நினைவிருக்கிறது. சொல்லிவிட்டு நாங்கள் வெளியில் தேத்தண்ணி குடிக்கப் போனோம். மைக் அங்கே வராது. அங்கே வைத்து நான் சொன்னது என்னவென்றால், அந்த அமைதி எனக்கு வேண்டாம், சண்டை பிடிக்கவாவது அந்த மனுசன் வீட்டில் நிற்க வேணும் என்று. பாதியைக் கேட்டுவிட்டு ஏழு மாதம் என்னோடு சரியாகக் கதைக்காமல் இருந்திருக்கிறீர்கள். நானோ உங்களுக்கு என்னைச் சலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்மஸுக்கு மெலானிக்குச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன். அப்பா வருவாரா என்று கேட்டாள். தெரியாது என்று சொன்னேன்.

எனக்காக வர வேண்டாம். வருவதென்றால் சோமசேகரம் அண்ணனுக்காக வாருங்கள்.

அஞ்சலினா


டோகா
03.01.2025

அன்பின் அஞ்சலினாவுக்கு,

புது வருடத்தில் உமக்கும் மகளுக்கும் நல்லது நடக்கட்டும்.

லீவு கேட்டேன். இப்போது தர ஏலாது என்றார்கள். அப்படியென்றால் வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். கோபத்தில் செய்ததில்லை, இரண்டு கிழமையாக யோசித்துத்தான் கொடுத்தேன். டோகாவுக்கு வா என்று உம்மோடு இனி நான் சண்டை பிடிக்கத் தேவை இருக்காது. பதினோராம் திகதி கொழும்பில் இறங்குகிறேன்.

சோமசேகரம் அண்ணனுக்குப் போனில் பதில் சொல்ல ஏலாது. எழுதியும் அனுப்ப ஏலாது. எனக்குக் கேட்கவில்லை என்கிறதை அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பஸ்ஸால் இறங்கியவுடன் நேரே அவர் வீட்டுக்குப் போகிறேன். அவர் அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். அதற்குப் பிறகு நீர் வரச் சொன்னால் வீட்டுக்கு வருவேன். இல்லையென்றால் பாலையூற்றில் அக்கா வீட்டில் நிற்கிறேன். மகளை மட்டும் ஒருக்கால் காட்டும்.

உம்முடைய கடிதத்தில் அந்தத் தேத்தண்ணிக் கதையைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

றிக்சன்


மனையாவெளி
06.01.2025

அன்பின் றிக்சனுக்கு,

மெலானியிடம் சொல்லிவிட்டேன். முற்றம் கூட்டுகிறாள், அவள் அப்படிச் செய்து நான் கண்டதில்லை.

வேலையை விட்டதற்கு நான் சந்தோசப்பட வேண்டுமா பயப்பட வேண்டுமா என்று தெரியவில்லை. இரண்டும் இருக்கிறது. நான் சங்கத்துக்குத் திரும்பிப் போகிறேன். நேற்று முதல் முறையாகச் செற்றைக் கையில் எடுத்தேன். இப்போது படகு எங்கே நிற்கிறது என்று திரையில் பார்த்தாலும், செற்றில் அவர்களையும் ஒருக்கால் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

சோமசேகரம் அண்ணனின் மருமகன் வீட்டுக்கு வந்துவிட்டார். அண்ணன் இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நானும் அந்தப் படலையைத் திறந்துகொண்டு போகத் துணியவில்லை. இரண்டு தரம் சந்தி வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன்.

அதனால் நீங்கள் அங்கே தனியப் போக வேண்டாம். பொறு என்று சொன்னவர் நீங்கள். காணுறன் என்று சொன்னவள் நான். பஸ்ஸால் இறங்கி நேரே வீட்டுக்கு வாருங்கள். முகத்தைக் கழுவுங்கள். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வர வேண்டாம், அது எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் சாப்பாடு இருக்கும். சாப்பிட்டுவிட்டு அந்த வீட்டுக்கு இரண்டு பேருமாகப் போவோம்.

உங்கள்,
அஞ்சலினா